சுவர் ஓதம் போகவே மாட்டேன் என்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூசியாயிற்று. ஓதம் தடுக்கும் என்று சொன்ன பெயின்டை இரண்டு கோட் அடித்தாயிற்று. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில் அதே கறை. பழைய வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான்.

எனக்கும் நடந்தது. படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம். பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் சுவரை விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "கீழேயிருந்து ஏறுது சார், பழைய வீடுன்னா அப்படித்தான்" என்றார். மூன்றடி உயரத்துக்குக் கொத்தி, சுவரில் துளை போட்டு மருந்து செலுத்தி, சிமென்ட் பூசிக் கொடுத்தார். சில மாதங்களில் ஓதம் நான்காவது அடியில் எட்டிப் பார்த்தது. பூசிய வேலையில் ஒரு குறையும் இல்லை. காரணத்தைத்தான் தப்பாகப் பிடித்துவிட்டார். அது என்னவென்று பின்னால் சொல்கிறேன்.

சுவருக்குள் தண்ணீர் வர நான்கு வழிகள் உண்டு. மண்ணிலிருந்து ஏறும், மழை உள்ளே புகும், குழாய் கசியும், இல்லையென்றால் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த சுவரில் படியும். நான்குக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றை மோசமாக்கவும் கூடும். கறை எங்கே இருக்கிறது என்று எல்லோரும் பார்க்கிறார்கள். எப்போது பெரிதாகிறது, எப்போது சுருங்குகிறது என்று கேட்பவர்கள் குறைவு. பாதிக்கு மேல் விடை அதில்தான் இருக்கிறது.

கொத்துவதற்கு முன்னால்

முதலில் பாதுகாப்பு. ஈரமான சுவரில் சுவிட்ச் போர்டோ பிளக்கோ இருந்தால் அந்த லைனை மெயினில் அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மேல்தளத்தின் பூச்சு தொங்கிக்கொண்டிருந்தால் அதன் கீழே படுக்கவோ உட்காரவோ வேண்டாம். இந்த இரண்டும் தள்ளிப்போடக் கூடாதவை. மற்றதற்கெல்லாம் பொறுமை இருந்தால் போதும்.

ஈரத்தின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை பார்த்து, விளிம்பு நகர்ந்திருந்தால் புதுக்கோடு. கூடவே ஒரு நோட்டில் நாலு விஷயம் குறித்தால் போதும்: மழை பெய்ததா, வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள், தண்ணீர்த் தொட்டியை எப்போது நிரப்பினீர்கள், கதவு ஜன்னல் திறந்திருந்ததா. மூன்று நான்கு வாரம் இப்படிக் குறித்தால் ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். சுவர் பூராவும் கிறுக்கல் என்று வீட்டில் திட்டு விழும். எப்படியும் அந்தச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கத்தானே போகிறோம்?

சுவரில் வெள்ளையாகப் பஞ்சு போலப் படிந்திருந்தால் அது உப்பா பூஞ்சணமா என்ற சந்தேகம் வரும். கொஞ்சம் சுரண்டி ஒரு சொட்டுத் தண்ணீரில் போடுங்கள். கரைந்தால் உப்பு. கரையாமல் மிதந்தால் பூஞ்சணம். உப்பு என்றால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வெளியே வந்து காய்ந்திருக்கிறது என்று பொருள். பூஞ்சணம் மட்டும் இருந்து உப்பே இல்லையென்றால் காற்றின் ஈரத்தின் மேல் முதல் சந்தேகம் வையுங்கள்.

தரையை ஒட்டி ஓதம் இருந்தால்

அதிகம் ஏமாறும் இடம் இதுதான். அடிச்சுவரில் ஈரம் என்றதும் மண்ணிலிருந்து ஏறும் ஓதம் என்று முத்திரை குத்திவிடுவார்கள். உண்மையில் தண்ணீர் எங்கிருந்து வந்தாலும் கீழே இறங்கி அடியில் தேங்கக்கூடும்.

மண்ணிலிருந்து ஏறும் ஓதத்துக்குச் சில அடையாளங்கள் உண்டு. செங்கல்லிலும் காரையிலும் இருக்கும் நுண்துளைகள் வழியாக, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, சுவர் தண்ணீரை இழுக்கிறது. மேலே ஏற ஏறச் சுவரின் பரப்பு வழியாக ஆவியாகிவிடுவதால் சாதாரணமாக ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். அதன் மேல் விளிம்பு ஏறக்குறைய கிடைமட்டமாக, சுவர் நீளத்துக்கும் ஓடும். அந்த விளிம்பில் உப்புப் பூத்து, பூச்சு பொருமி, பெயின்ட் உரியும். மழைக்காலத்தில் திடீரென்று எகிறாது, கோடையில் திடீரென்று காயாது. மெதுவாகவே மாறும். வெளிச்சுவரில் மட்டும் இல்லாமல், நடுவே இருக்கும் தடுப்புச் சுவர்களிலும் தெரிந்தால் மண் ஓதம் என்பது இன்னும் உறுதிப்படும்.

சரி, இந்த அடையாளங்கள் பொருந்துகின்றன என்றால் அடுத்த கேள்வி: இத்தனை வருடம் வராதது இப்போது ஏன் வந்தது? வீட்டுக்கு வெளியே போய் அந்தச் சுவரின் அடியைப் பாருங்கள். அஸ்திவாரத்துக்கு மேல், சுவர் தொடங்கும் இடத்தில், தண்ணீர் ஏறாமலிருக்க ஒரு தடுப்பு அடுக்கு போடுவது வழக்கம். தார் பூசிய தாள், கல் பலகை, கெட்டியான கான்கிரீட் என்று காலத்துக்குத் தகுந்தபடி இருக்கும். மிகப் பழைய வீடுகளில் அது இல்லாமலே இருக்கலாம். இருக்கும் வீட்டிலும் பல நேரம் அந்த அடுக்கு கெட்டுப்போயிருக்காது. நாம்தான் அதைத் தாண்டப் பாலம் கட்டிக் கொடுத்திருப்போம். வாசலுக்குத் தளம் போடும்போது வெளிமட்டம் உயர்ந்திருக்கும். செடிக்கு மண் கொட்டியிருப்போம். வெளிப்பூச்சைத் தரைவரை இழுத்துவிட்டிருப்போம். வெளித்தரை அந்த அடுக்குக்குக் கீழே 15 சென்டிமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். அடுக்கு எங்கே என்று தெரியாவிட்டால் வீட்டின் உள்தரையை அளவாக வைத்துக்கொள்ளலாம். வெளித்தரை அதற்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் வேறெதையும் தேடும் முன் அதை வெட்டித் தாழ்த்துங்கள். சுவரில் துளை போட்டு மருந்து செலுத்துவதைவிட மண்வெட்டி பல சமயம் நன்றாக வேலை செய்யும்.

வெளியே சிமென்ட் தரையோ கல்தளமோ இருந்தால் மழைத்துளி அதில் விழுந்து தெறித்து, சுவரின் கீழ்ப்பகுதியை ஒரு அடி உயரத்துக்கு நனைத்துக்கொண்டே இருக்கும். வெளிச்சுவரின் அடியில் மண் தெறித்த புள்ளிகளோ பச்சைப் பாசியோ தெரிந்தால் இதுதான். சுவரை ஒட்டி ஒரு அடி அகலத்துக்குத் தளத்தை எடுத்துவிட்டுச் சரளைக்கல் நிரப்பினால் தெறிப்பு அடங்கும்.

கழிவுநீர்த் தொட்டியோ பழைய மாட்டுக்கொட்டகையோ அந்தப் பக்கம் இருந்ததா என்றும் விசாரியுங்கள். அப்படிப்பட்ட மண்ணிலிருந்து நைட்ரேட் உப்புகள் சுவரில் ஏறியிருக்கும். அந்தச் சுவர், தண்ணீர் நின்ற பிறகும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும்.

நடுச்சுவரில் தனியாக ஒரு திட்டு

தரையையும் தொடாமல் மேலேயும் போகாமல், நடுவில் வட்டமாகவோ கீழ்நோக்கி வழிந்தது போலவோ திட்டு இருந்தால் சுவரின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாத்ரூம், சமையலறைத் தொட்டி, மேலிருந்து இறங்கும் குழாய் இவற்றில் ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது.

குழாய்க் கசிவு இரண்டு வகை. எப்போதும் அழுத்தத்தில் தண்ணீர் நிற்கும் குழாய் கசிந்தால் இரவும் பகலும் ஒரே மாதிரி ஈரம் இருக்கும், நீங்கள் தண்ணீர் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும். கழிவுநீர்க் குழாய் கசிந்தால் பயன்படுத்தும்போது மட்டும் ஈரம் கூடும்.

முதல் வகையைக் கண்டுபிடிப்பது சுலபம். தண்ணீர் மீட்டர் இருந்தால் இரவு எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டு எண்ணைக் குறித்து, காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் பாருங்கள். நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் என்றால் தொட்டியை நிரப்பி, உள்ளே வரும் வழியை மூடி, மட்டத்தைக் குறியுங்கள். ஒரு இரவு வெளியே போகும் வால்வை மூடி வைத்துப் பாருங்கள். இன்னொரு இரவு வால்வைத் திறந்து, வீட்டுக்குள் எல்லாக் குழாயையும் அடைத்து வைத்துப் பாருங்கள். மூடியிருந்தபோதே மட்டம் இறங்கினால் தொட்டியில் ஓட்டை. திறந்திருந்தபோது மட்டும் இறங்கினால் குழாயில். ஆனால் அதற்குள் கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டியையும் சோதித்துவிடுங்கள். அதில் நிறப்பொடி கரைத்துவிட்டு அரைமணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விட்டு, கோப்பையில் நிறம் இறங்குகிறதா என்று பார்த்தால் போதும். அது கமுக்கமாக ஒழுகிக்கொண்டிருந்தால் நீங்கள் சுவரைச் சந்தேகப்படுவீர்கள்.

இரண்டாவது வகை மீட்டரில் காட்டிக்கொடுக்காது. என் வீட்டுச் சுவர் இந்த வகை. நோட்டில் எழுதியதால்தான் தெரிந்தது. நல்ல மழைக்காலத்தில் பத்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது கறை கோட்டுக்கு இரண்டு அங்குலம் உள்ளே சுருங்கியிருந்தது. வெளியே மண் சொதசொதவென்று இருந்தது, உள்ளே சுவர் காய்ந்திருந்தது. மண்ணிலிருந்து ஏறும் ஓதம் என்றால் இது நடக்கவே முடியாது. வந்து ஒரு வாரம் குளித்து, துணி துவைத்து முடித்ததும் கறை பழைய கோட்டுக்கே வந்துவிட்டது. சுவருக்குப் பின்னால் பாத்ரூம்.

பாத்ரூமில் எது என்று பிரிப்பதற்கு, ஒரு நாளைக்கு ஒன்றாகத்தான் சோதிக்க வேண்டும். அவசரப்பட்டு எல்லாவற்றிலும் ஒரே நாளில் தண்ணீர் ஊற்றினால் ஒன்றும் விளங்காது. முதலில் தரையை நனைக்காமல், வாளித் தண்ணீரை நேராக வடிகால் துளைக்குள் ஊற்றுங்கள். பத்துப் பன்னிரண்டு வாளி. கறை கூடினால் வடிகுழாய். கூடாவிட்டால் இரண்டு நாள் கழித்து, துளையைத் துணியால் இறுக அடைத்து, தரையில் ஒரு அங்குலம் தண்ணீரைச் சில மணி நேரம் நிறுத்துங்கள். கறை கூடினால் தரை டைல்ஸ் இடுக்கு, அல்லது தரையும் சுவரும் சேரும் மூலை. அதற்கும் அசையவில்லையென்றால் ஷவர் தண்ணீரைச் சுவர் டைல்ஸ் மேல் மட்டும் அரைமணி நேரம் அடித்துப் பாருங்கள். தண்ணீரில் நிறம் கலந்து ஊற்றச் சிலர் சொல்வார்கள். நிறம் சுவரில் வெளிப்பட்டால் நல்லது, வழக்கு முடிந்தது. வெளிப்படாவிட்டால் அதை வைத்து ஒன்றும் தீர்மானிக்காதீர்கள். செங்கல் நிறத்தை வடிகட்டி வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் விடக்கூடும்.

எங்கள் வீட்டில் முதல் சோதனையிலேயே, ஏழாவது வாளியில் மாட்டிக்கொண்டது. வடிகால் துளையும் குழாயும் சேரும் இடத்தில் காரை கரைந்து, விரல் நுழையும் இடைவெளி. சரிசெய்ய அரைநாள் ஆனது. அதற்கு முன் கொத்திப் பூசியதற்கு ஒரு வாரம்.

உச்சியில், மேல்தளத்தில் கறை

மேல்தளக் கறைக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பாதீர்கள். தளத்துக்குள் புகுந்த தண்ணீர் கம்பியையோ விரிசலையோ மர உத்தரத்தையோ பிடித்துக்கொண்டு சில அடி தூரம் நடந்து, தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும். ஓட்டு வீட்டிலும் அப்படியே. நுழைந்த ஓடு மேலே இருக்கும், சொட்டும் இடம் சரிவில் கீழே இருக்கும்.

மழை தொடங்கி எவ்வளவு நேரத்தில் ஈரம் தெரிகிறது என்று கவனியுங்கள். சில நிமிடங்களில் என்றால் நேரடி வழி: உடைந்த ஓடு, திறந்த விரிசல், குழாய் நுழையும் இடத்துச் சந்து. ஒரு நாள் கழித்து மெதுவாகத் தெரிந்தால் மாடியில் எங்கோ தண்ணீர் தேங்கி ஊறுகிறது. மழை விட்டதும் மாடிக்குப் போய், தேங்கிய குட்டைகளின் ஓரத்தைச் சாக்பீஸால் வரையுங்கள். அடுத்த நாள் எது கடைசியாகக் காய்கிறதோ அதன் அடியைப் பாருங்கள்.

வெயில் காலத்திலும் மேல்தளம் ஈரமாக இருந்தால் மழையை விடுங்கள். தொட்டி நிரம்பி வழியும் குழாய் எங்கே போய் ஊற்றுகிறது என்று பாருங்கள். விடியற்காலையில் மோட்டார் ஓடும்போது வழிந்தால் யார் கண்ணிலும் படாது.

மொட்டை மாடியில் வடிகாலை அடைத்து ஒரு அங்குலம் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்திப் பார்க்கும் சோதனை பிரபலம். கான்கிரீட் தளம் நல்ல நிலையில் இருந்தால் செய்யலாம். மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிக் காரை போட்ட பழைய தளம் என்றால் வேண்டாம். ஒரு அங்குலத் தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 25 கிலோ. நூறு சதுர மீட்டர் மாடியில் இரண்டரை டன் ஏற்றுகிறீர்கள். உத்தரம் உள்ளே உளுத்திருந்தால் சோதனை அதோடு முடிந்துவிடும்.

சுவரின் உச்சியில் மட்டும், தளமும் சுவரும் சேரும் கோட்டில் ஓதம் என்றால் மாடியின் கைப்பிடிச் சுவரைப் பாருங்கள். இரண்டு பக்கமும் மேலேயும் மழை வாங்கும் சுவர் அது. அதன் உச்சியில் விரிசல் விட்டிருந்தால் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். மாடித் தரையும் அந்தச் சுவரும் சந்திக்கும் மூலையில் பூச்சு விட்டுப்போயிருப்பதும் சகஜம்.

நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்று: நல்ல மழையில் குடை பிடித்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பைத்தியமா என்று பக்கத்து வீட்டில் பார்ப்பார்கள், பரவாயில்லை. மழைநீர்க் குழாயின் முன்பக்கம் புதுசு போல இருக்கும், சுவரை ஒட்டிய பின்பக்கத்தில் பிளந்து சுவரிலேயே ஊற்றிக்கொண்டிருக்கும். வெயிலில் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

ஜன்னலைச் சுற்றி

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சன்ஷேடின் அடியில், ஓரத்தை ஒட்டி நீளவாக்கில் ஒரு சிறு பள்ளக்கோடு இருக்க வேண்டும். தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். பலமுறை பூசிப் பெயின்ட் அடித்ததில் கோடு தூர்ந்துபோயிருந்தால் தண்ணீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வரும். சுரண்டித் திறந்துவிடுங்கள். ஜன்னலின் கீழ்ப்படி வெளிப்பக்கம் சரிந்திருக்கிறதா, சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே சந்து உண்டா என்று பார்த்தால் முடிந்தது.

கருப்புப் புள்ளிகள், பீரோவுக்குப் பின்னால் வாடை

அறை மூலையில், மேல்தளம் சேரும் இடத்தில், பீரோவுக்கும் கட்டிலுக்கும் பின்னால் கருப்பாகப் பூஞ்சணம். உப்பு இல்லை, பூச்சு பொருமவில்லை, கறைக்குத் தெளிவான விளிம்பு இல்லை. இது உள்ளே வந்த தண்ணீர் இல்லை, வீட்டுக் காற்றின் ஈரம்.

சூடான காற்று அதிக ஈரம் தாங்கும், குளிர்ந்தால் கக்கிவிடும். 20 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் படியும். 30 டிகிரியில் 80 சதவீதம் என்றால் 26 டிகிரியிலேயே படிய ஆரம்பித்துவிடும். ஏசி ஓடும் அறையின் மறுபக்கச் சுவர் வேர்ப்பது இதனால்தான். பூஞ்சணத்துக்குத் தண்ணீர் சொட்ட வேண்டும் என்றுகூட இல்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே வளரும்.

சந்தேகமிருந்தால் ஒன்றரை அடிச் சதுரத்தில் கனமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப்பால் இறுக ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இரண்டு பக்கமும் நனைந்திருந்தால் உங்களுக்கு இரண்டு பிரச்சினை. பழைய வீட்டில் அதுவும் நடக்கும்.

வைத்தியம் பெரும்பாலும் பழக்கத்தில் இருக்கிறது. பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் நகர்த்துங்கள், ஈரத் துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள், குளித்த பின் ஆவி வீட்டுக்குள் வராமல் வெளியே போக வழி விடுங்கள். பழைய வீட்டில் சுவர் உச்சியில் காற்றுத்துளை இருந்து, பூச்சி வருகிறது என்று யாராவது அடைத்திருந்தால், வலை அடித்துத் திறந்துவிடுங்கள்.

தரை வேர்ப்பதும் இதே கணக்குதான். குளிர்ந்த நாட்களுக்குப் பின் திடீரென்று வெப்பமான ஈரக் காற்று வந்தால் கல் தரையிலும் டைல்ஸிலும் தண்ணீர் கோர்க்கும். அன்று ஜன்னலைத் திறந்து வைத்தால் கூடும், குறையாது.

சரிசெய்தும் காயவில்லை

காரணத்தை அடைத்த மறுவாரமே சுவர் காய்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சுவர் கனத்தில் ஒரு அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் முழுக்க ஊறியிருந்தால் ஒன்பது மாதம், காற்றோட்டம் இல்லாவிட்டால் அதற்கும் மேல். என் சுவருக்குப் பத்து மாதம் ஆனது.

அதுவரை பொருமிய பூச்சை எடுத்துவிட்டுச் செங்கல்லை வெறுமனே விடுங்கள். வெளியே பூக்கும் உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி அள்ளிக் கொட்டுங்கள். கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள் போய்விடும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவர் ஈரத்தை வாங்கி, வெளியே விட்டு, தானே காய்ந்துகொள்ளும். அதன்மேல் கெட்டி சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயின்டும் ஏறினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறும். எங்கள் ஓதம் நான்காவது அடிக்குப் போனது அப்படித்தான். அத்தகைய சுவருக்குத் திரும்பச் சுண்ணாம்புப் பூச்சே பொருந்தும்.

இடையில் யாராவது முள் வைத்த ஈரமானியைச் சுவரில் குத்தி, சிவப்பு விளக்கைக் காட்டிப் பயமுறுத்தலாம். அந்தக் கருவியின் அளவுகோல் மரத்துக்காக வகுக்கப்பட்டது. அது ஈரத்தை நேராக அளப்பதில்லை, மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து ஈரத்தைக் கணிக்கிறது. உப்பேறிய சுவர் கிட்டத்தட்டக் காய்ந்திருந்தாலும் அதில் உச்சத்தைக் காட்டும். ஒரே சுவரில் இங்கே எவ்வளவு, அங்கே எவ்வளவு என்று ஒப்பிட மட்டும் உதவும்.

மழை நாளில் மட்டும் பிசுபிசுத்து, வறண்ட நாளில் தூளாகக் காயும் திட்டு மிச்சமிருந்தால் அது கசிவாக இல்லாமல் உப்பாக இருக்கலாம். சாதாரண உப்பே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்துக் கரையும். சில நைட்ரேட் உப்புகளுக்கு இன்னும் குறைந்த ஈரமே போதும். அந்தத் திட்டில் உள்ள பூச்சை மட்டும், சுற்றிலும் ஒரு அடி கூட்டிக் கொத்தி எடுத்து, புதிதாகப் பூசுங்கள். பெயின்டை அடுத்த மழைக்காலம் முடிந்து, பிளாஸ்டிக் தாள் சோதனையில் இரண்டு பக்கமும் காய்ந்திருந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.